பௌர்ணமிக்கு மறுநாள்

பெங்களூரு
3.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

2025 ஜூலை 11, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. உங்கள் பள்ளியில் பெயர் உள்ளவர்கள் அறுபத்தெட்டுப் பேர். வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் இருபத்திரண்டு பேர்.

இதைத்தான் போனில் சொன்னேன். நீ போனை வைத்தாய், என் நம்பரையும் தடுத்துவிட்டாய். "அவனுக்குக் காதே கிடையாதும்மா, வாய் மட்டும்தான். எதுன்னாலும் லெட்டர்ல எழுதச் சொல்லு. அதுலதான் அவனால குறுக்க பேச முடியாது"னு அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். சரி, எழுதுகிறேன். இங்கே தபால் நிலையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் எப்படி? மாமா, கவிநிலா சுகம்தானே? எனக்குத் தூக்கம் கம்மி. மற்றபடி ஒன்றுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனிக்குக் கொடுத்திருப்பது எளிமையான வேலை. ஒன்றியத்தில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். வாசிப்பு, கணக்கு, கட்டடம், கழிப்பறை, வருகை. வருகைக்காக எல்லாப் பள்ளியிலும் ஒரே நாள், ஒரே நேரத்தில் தலை எண்ணி மொபைல் ஆப்பில் ஏற்றச் சொன்னோம். நல்லது பச்சை, நடுத்தரம் மஞ்சள், மோசம் சிவப்பு. சிவப்பு வாங்கிய பள்ளிகளை வரும் ஜூனில் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடலாமா என்று வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் முடிவெடுப்பார்கள். உங்கள் பள்ளி வாசிப்பில் நன்றாக இருக்கிறது. கணக்கில் சுமார். வருகையில் விழுந்துவிட்டது. சிவப்பு.

நீ அங்கே டீச்சர், நான் அங்கே படித்தவன் என்பதற்காக நிறம் மாறாது. கோபம் வந்தால் என்மேல் காட்டாதே. வராத பிள்ளைகள்மேல் காட்டு.

தம்பி,
ஆதவன்

*

அடி அண்ணாமலை
9.8.2025

ஆதவனுக்கு,

அம்மா ராத்திரி முழுக்கக் கிரிவலப் பாதையோரத்தில் மோர்க்கடை போட்டு நின்றாள். முழங்கால் எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். கவிநிலாவுக்கு முன்பல் விழுந்தது. உன் மாமா லாட்ஜ் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. பௌர்ணமி என்றால் அவருக்கு வீடு மறந்துவிடும்.

பௌர்ணமி என்று எழுதிவிட்டேன். இப்போதாவது உனக்கு ஏதாவது உறைக்கிறதா?

ஜூலை பத்து பௌர்ணமி. நீங்கள் எண்ணியது அதற்கு மறுநாள் காலை. கிரிவலக் கூட்டம் விடிய விடிய நடந்தது. நம் பிள்ளைகள் பூவும் தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டு அப்பா அம்மாவோடு பாதையில் நின்றார்கள். மறுநாள் காலை ஊரே படுத்திருக்கும். அந்த இருபத்திரண்டு பேரும் தானாக வந்தவர்கள் என்று நினைத்தாயா? நான் வீடு வீடாகப் போய்ப் பாயிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தவர்கள்.

வெளியூர்க்காரன் அந்தத் தேதியைக் குறித்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடலாம். நீ இந்தப் பாதையில் பிறந்தவன். அப்பா இருந்தபோது கற்பூரத் தட்டோடு கூட்டத்துக்கு நடுவில் ஓடினவன். மறுநாள் உனக்காக லீவு லெட்டர் எழுதி உங்கள் சாரிடம் கொடுத்தது நான்தான். மாதா மாதம் வயிற்று வலி. "உன் தம்பி வயித்துக்குப் பௌர்ணமி நல்லாத் தெரியுதும்மா"ன்னு அவர் சிரிப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். தூங்கு.

அன்புச்செல்வி

*

பெங்களூரு
14.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவை டாக்டரிடம் காட்டச் சொல். மோர்க்கடையை மூடச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

வயிற்று வலியைப் படித்துச் சிரித்தேன். பிறகு எரிச்சல் வந்தது. பிள்ளைகளை விடிய விடியக் கடையில் நிறுத்துகிறோம் என்பது எப்படிச் சமாதானம் ஆகும்? மாதத்துக்கு ஒரு நாள் உங்கள் பள்ளி காலி என்று நீயே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறாய். இதை நான் மேலே காட்டினால் இன்னும் மோசமாகும்.

எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாள். ஒப்பிடுவது என்றால் அப்படித்தான். ஆளுக்கொரு நாள் கொடுத்தால் அவரவர் நல்ல நாளைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். தேதி குறித்தாயிற்று, எண்ணியாயிற்று. இனி அதைக் கிளற முடியாது.

கவியின் பல்லைக் கூரைமேல் எறிந்தீர்களா?

ஆதவன்

*

அடி அண்ணாமலை
24.8.2025

ஆதவனுக்கு,

டாக்டர் அம்மாவை நிற்காதே என்றார். அம்மா டாக்டரை மாற்றிவிட்டாள். மற்றவர்கள் சுகம்.

ஒன்றியத்தின் அந்தக் கோடியில் இருக்கும் பள்ளிக்கு ஜூலை பதினொன்று சாதாரண வெள்ளிக்கிழமை. எங்களுக்கும் எங்களைத் தாண்டி இருக்கும் கொல்லைமேட்டுப் பள்ளிக்கும் அது கண் திறக்க முடியாத காலை. அளவுகோலை ஒரு பக்கம் சேற்றில் நட்டுவிட்டு அளக்கிறாய்.

கடையில் நிறுத்துவது தப்பு. எனக்குத் தெரியாதா? ஐந்து வருஷமாகப் பெற்றோரிடம் சண்டை போட்டு, முன்பு மூன்று நாள் வராதவர்களை ஒரு நாளாகக் குறைத்திருக்கிறேன். இணைத்தால் என்ன ஆகும் என்று கேள். டவுன் ஓரத்துப் பள்ளிக்குப் போகப் பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையை யார் தினமும் கைபிடித்துத் தாண்டவைப்பார்கள்? "போனது போதும், கடையில நில்லு" என்பார்கள். அப்புறம் பௌர்ணமிக்கு மட்டும் இல்லை, எல்லா நாளும் நிற்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வா. உள்ளே வந்து உட்கார். மூன்றாம் வகுப்பில் ஒருத்தி பாடம் படித்தால் ரோட்டில் போகிற பஸ் கண்டக்டர் திரும்பிப் பார்க்கிறார். கேட்டுவிட்டு எந்த நிறம் வேண்டுமானாலும் போடு.

தேதி குறித்தாயிற்று என்று எழுதியிருக்கிறாய். யார் குறித்தது? அந்த ஆளுக்குப் பெயர் இல்லையா?

அன்புச்செல்வி

*

பெங்களூரு
20.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நல்ல செய்தி, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உங்கள் பள்ளி மஞ்சளுக்கு வந்துவிட்டது. சிவப்பு வாங்கியவற்றில் சிலதை நேரில் போய்ச் சரிபார்க்கலாம் என்று எங்கள் விதியில் இடம் இருக்கிறது. பதினாறாம் தேதி, செவ்வாய், வேங்கிக்காலில் மீட்டிங். கூட வேலை செய்யும் கலையரசனும் நானும் அப்படியே உங்கள் பள்ளியையும் சரிபார்த்துவிட்டோம். வருகை அறுபத்தொன்று. இனி உங்களை யாரும் தொடமாட்டார்கள்.

பெங்களூரு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் வீட்டுக்கு வரவில்லை. அம்மாவிடம் சொல்லாதே, அழுவாள். நன்றியெல்லாம் வேண்டாம். நம்பரைத் திறந்துவிடு, போதும்.

ஆதவன்

*

அடி அண்ணாமலை
28.9.2025

ஆதவனுக்கு,

கவிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இன்றைக்குக் கஞ்சி குடித்தாள்.

செவ்வாய்க்கிழமை வந்தவர்கள் உள்ளே வந்தார்களா? எந்த வகுப்பில் உட்கார்ந்தார்கள்? அப்போது என்ன பாடம் நடந்தது?

நம்பரைப் பற்றி உன் பதிலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புச்செல்வி

*

பெங்களூரு
5.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கவிக்குக் காய்ச்சல் விட்டதா? நம்பர் திறந்திருந்தால் இதற்குத் தபால் செலவு ஆகியிருக்காது.

உள்ளே வந்தோம். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தோம். கழித்தல் கணக்கு. ஒழுங்காகத்தான் செய்தார்கள். நீ அந்த நேரம் அங்கே இல்லை போலிருக்கிறது.

பள்ளி பிழைத்தது. வந்த காரியம் முடிந்தபின் ஏன் இத்தனை கேள்வி?

ஆதவன்

*

அடி அண்ணாமலை
26.10.2025

ஆதவனுக்கு,

எல்லோரும் சுகம். தீபாவளிக்கு நீ வராததால் அம்மா முறுக்கு டப்பாவை இன்னும் திறக்கவில்லை.

போன வாரம் கொல்லைமேட்டுப் பள்ளி ஜோதியம்மாள் டீச்சர் வீட்டுக்கு வந்தார். அவர்களுக்குக் கடிதம் வந்துவிட்டது. ஜூனில் அந்தப் பள்ளியை எங்களோடு சேர்க்கப் போகிறார்களாம். அங்கிருந்து இங்கே வர, அவர்கள் பிள்ளைகளும் பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்காக நான் பயந்தது இப்போது அவர்கள் தலையில்.

"உங்களுதை மட்டும் எப்படி டீச்சர் மறுபடி எண்ணினாங்க? எங்ககிட்ட யாரும் வரலையே. நாமளும் ஒரே பாதை, ஒரே பௌர்ணமிதானே?" என்று கேட்டார். நான் டீ ஆற்றிக்கொண்டே இருந்தேன். "உங்க தம்பி அந்த வேலையிலதான இருக்கார்? கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார். சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். உதவியாகக் கேட்டார்.

இப்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தேகால் மணி இருக்கும். பிள்ளைகள் போய்விட்டார்கள். பாதைப் பக்கத்துக் கேட்டைப் பூட்டிவிட்டு, முன் வகுப்பில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பைக் வந்து நின்றது. நீ ஹெல்மெட்டைக் கழற்றினாய். இளைத்திருந்தாய். நான் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

உன்னோடு வந்தவர், "இன்னா ப்ரோ, இதுலலாம் யாரு ப்ரோ படிக்கிறாங்க?" என்றார். நீ சிரித்தாய். "தெரில ப்ரோ. யாராவது படிப்பாங்க" என்றாய்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ பூட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாய்.

கழித்தல் கணக்கு ஒழுங்காகச் செய்தார்கள் என்று எழுதியிருந்தாய்.

அன்புச்செல்வி

*

பெங்களூரு
30.10.2025

அக்கா,

சுகம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

உனக்காகத்தான் செய்தேன். உன் பள்ளி, உன் பிள்ளைகள் என்று பக்கம் பக்கமாக எழுதியது நீ. இப்போது நான் திருடன், நீ நல்லவள்.

ஒன்று கேட்கிறேன். கவிநிலா எங்கே படிக்கிறாள்? ஜூனில் மாமா அனுப்பிய போட்டோ என்னிடம் இருக்கிறது. டை, பெல்ட், கறுப்பு ஷூ. டவுனில் இங்கிலீஷ் மீடியம். மூன்று மாதமாக எனக்குப் பாடம் எடுக்கிறாயே, அதில் ஒரு வரியாவது இதைப் பற்றி எழுதினாயா? உன் பள்ளி அவ்வளவு நல்ல பள்ளி என்றால் உன் பெண் ஏன் அங்கே இல்லை? கேட்டுக்கு வெளியே நின்று நான் சிரித்தேன். நீ உள்ளே இருந்துகொண்டே பெண்ணை வெளியே அனுப்பினாய்.

என்னைக் கேட்க உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆதவன்

*

அடி அண்ணாமலை
23.11.2025

ஆதவனுக்கு,

அம்மாவுக்கு வலி கொஞ்சம் கம்மி. மாமா சுகம். கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டதால் ஊரில் இப்போதே கூட்டம். கவி சுகம். அவளைப் பற்றித்தான் எழுத வேண்டும், அதற்குத்தான் இத்தனை நாள்.

உன் மாமாவும் என் மாமியாரும் முடிவு செய்தார்கள் என்று எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். அது பாதிதான். நான் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லார் வீட்டுப் பிள்ளையும் டவுனுக்குப் போகிறது, நாளைக்கு இவள் மட்டும் இங்கிலீஷ் தெரியாமல் நின்றால் என்ன செய்வது என்று பயந்தேன். மற்ற பெற்றோரிடம் "எங்களை நம்பி விடுங்க" என்று கேட்பவள் நான்.

அவளுடைய வேன் தினமும் காலையில் எங்கள் கேட்டுக்கு எதிரில்தான் நிற்கும். அந்த நேரம் நான் உள்ளே பிள்ளைகளைக் காலை உணவுக்கு வரிசையாக உட்காரவைத்துக் கொண்டிருப்பேன். கவி வேன் ஜன்னலில் இருந்து கை ஆட்டுவாள். நான் முதுகைக் காட்டி நின்றுகொள்வேன். "டீச்சர், உங்க பாப்பா டாட்டா காட்டுது" என்று பிள்ளைகள் சொல்வார்கள். "இலையைப் பாரு, உப்புமா ஆறுது" என்பேன். இலை எங்கே, தட்டுதான். அவசரத்தில் வாயில் எது வருகிறதோ அது. அவர்கள்தான் எனக்குப் பதிலாக அவளுக்குக் கை ஆட்டுவார்கள்.

ஆகவே நீ கேட்டது சரி. எனக்கு யோக்கியதை இல்லை. கொல்லைமேட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கிறது.

ஜோதியம்மாள் டீச்சர் வீட்டுக்குப் போய், என் தம்பி உள்ளே வராமலே எங்களுக்கு மட்டும் எண்ணிக்கை போட்டுவிட்டான், அது எனக்குத் தெரிந்தும் ஒரு மாதம் பேசாமல் இருந்தேன் என்று சொல்லிவிட்டேன். திட்டவில்லை. நான் கிளம்பும்போது, "அன்னிக்கு நீங்க கொடுத்த டீயில சக்கரையே இல்ல டீச்சர்" என்றார். அவ்வளவுதான்.

டிசம்பர் எட்டு, திங்கட்கிழமை, வேங்கிக்காலில் கடைசி முடிவு. அவர் பெற்றோரை அழைத்துக்கொண்டு போகிறார். நானும் போகிறேன். நீ உங்கள் கம்பெனி ஆட்களோடு எதிரில் உட்கார்ந்திருப்பாய். நான் அவர் பக்கத்தில்தான் நிற்பேன். அங்கே வந்து திடீரென்று பார்த்தால் உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று முன்கூட்டியே எழுதுகிறேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

பெங்களூரு
29.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிட்டேன். அம்மா, மாமா, கவி எல்லோரையும் கேட்டதாகச் சொல். போன கடிதத்தில் கேட்காமல் விட்டதற்கும் சேர்த்துச் சொல்.

ஆகஸ்டில் நீ கேட்ட கேள்விக்கு இன்னும் நான் பதில் எழுதவில்லை. அந்தத் தேதியைக் குறித்த ஆளுக்குப் பெயர் ஆதவன்.

எங்கள் மேனேஜர் குமரேசன் என்னைத்தான் கேட்டார். "நீ அந்த ஊர்தானப்பா, பதினொண்ணாம் தேதி லோக்கல்ல ஏதாவது விசேஷம் இருக்கா?" நான் அரசு விடுமுறைப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். "ஒண்ணும் இல்ல சார், நார்மல் டே" என்றேன். அம்மாவுக்குப் போன் போட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். நான் பிறந்த இடத்தை எனக்கே விடுமுறைப் பட்டியல் சொல்ல வேண்டியிருந்தது.

எப்படி மறந்தேன் என்று இந்த ஒரு வாரமாக யோசித்தேன். வேலையில் சேர்ந்த புதிதில் எங்கே படித்தாய் என்று கேட்டார்கள். டவுனில் ஒரு கான்வென்ட் என்று சொன்னேன். யாரும் நெருக்கிக் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். அதன்பிறகு பாதை, கற்பூரத் தட்டு, பள்ளி எதையும் வாயில் எடுக்காமல் பழகிக்கொண்டேன். வாயில் எடுக்காதது மண்டையிலிருந்தும் போய்விட்டது. கேட்டுக்கு வெளியே கலையரசன் கேட்டபோது ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிரிப்புதான் சீக்கிரம் வந்தது. அறுபத்தொன்று என்பது பைக்கில் திரும்பும்போது நான் மனதில் போட்ட எண். ஜன்னல் திறந்திருந்தது என்று நீ எழுதியதைப் படித்தபின் அந்தக் கேட்டை மனதில் கடக்கவே முடியவில்லை.

உன்னைக் கவி விஷயத்தில் கேட்டது பதில் தெரிந்துகொள்ள இல்லை, அடிக்க. அடி பட்டது என்று தெரிகிறது. சந்தோஷமாக இல்லை.

பேசினால் மறுபடி குறுக்கே பேசுவேன். அதனால் செய்யப் போவதை எண் போட்டு எழுதுகிறேன்.

1. நாளை மறுநாள் திங்கட்கிழமை, குமரேசன் சீட்டில் உட்காரும் முன்பே அவர் முன்னால் நிற்பேன். தேதி என் தவறு, சரிபார்ப்பு பொய் என்று சொல்வேன்.

2. உங்கள் பள்ளியின் மஞ்சளை எடுத்து மறுபடி சிவப்பு ஆக்குவேன். எட்டாம் தேதி கொல்லைமேடும் நீங்களும் ஒரே நிறத்தில்தான் போவீர்கள். இதற்கு நீ சம்மதிப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

3. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நானே எழுந்து, பாதையோரப் பள்ளிகள் அத்தனையையும் பௌர்ணமி இல்லாத நாளில் உள்ளே போய் எண்ண வேண்டும் என்று கேட்பேன். ஒத்துக்கொள்வார்களா என்று தெரியாது. கேட்காமல் உட்கார மாட்டேன்.

4. வேலை போனால் அம்மாவிடம் நானே சொல்வேன். நீ நடுவில் வராதே.

5. அதில் யார் படித்தார்கள் என்று கலையரசனுக்குச் சொல்வேன்.

6. கவியைப் பற்றி இனி உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

7. நீ ஜோதியம்மாள் டீச்சர் பக்கத்திலேயே நில். என்னைப் பார்த்து நகராதே.

8. ஒன்பதாம் தேதி, செவ்வாய், காலை. பாதைப் பக்கத்துக் கேட்டுக்கு வருவேன். பூட்டியிருந்தால் வெளியே நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். எனக்குத் திறக்கலாம் என்று தோன்றினால் சாவியை எடு.

தம்பி,
ஆதவன்